நாற்பத்து மூன்று விநாடி

மார்ச் 2

தம்பிக்கு,

உன்னோடு பேசுவதில்லை என்று பதினான்கு மாதமாக இருக்கிறேன். இதையும் பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதே. உன் அண்ணனைப் பற்றிய தகவல், கூடப் பிறந்தவன் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ கடலில் கேபிள் போடும் கப்பலில் இருக்கிறாய், போன் எடுக்காது, ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுத்து மட்டும் வந்து போகும் என்று உன் கம்பெனியில் சொன்னார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் இன்டர்நெட் இழுக்கிறவனுக்கு ஒரு போன் பேச வழியில்லை. நல்ல வேலைதான் பிடித்தாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதத்தில் வாய் போனதிலிருந்து உன் அண்ணன் பேசுவதெல்லாம் நீ செய்து கொடுத்த பலகையில்தான். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் வலைத்தளம், இன்டர்நெட்டே வேண்டாம் என்று பெருமையடித்தாயே, அதேதான். திரையில் இருநூற்றுப் பதினாலு படம். இடது கையால் ஒன்றைத் தொட்டால் உன் குரல் அந்தச் சொல்லைச் சொல்லும். உன்னோடு பேசாமல் இருந்தாலும் நாள் முழுக்க உன் குரலைக் கேட்டுத்தான் தீர வேண்டியிருக்கிறது.

நேற்று பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா வந்து சோதனை வைத்தார். ‘மழை வந்தால் எதை எடுப்பீர்கள்?’ என்கிற மாதிரி இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடிக்குள் பலகை பதில் சொல்ல வேண்டும். போன வருஷம் பதினேழு சரி. நேற்று ஒன்றுகூட இல்லை. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தார். மூளை பின்வாங்குவதற்கு இதுதான் அடையாளம் என்றார் டாக்டரம்மா. பதினெட்டாம் தேதி இன்னொரு சோதனை. அதுவும் இப்படியே போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு, இனி வெறும் பராமரிப்பு மட்டும் என்று எழுதிவிடுவார்களாம்.

அவரை வைத்துக்கொண்டே சொன்னார். அவருக்குப் புரியாமலா இருக்கும்? டாக்டரம்மா படி இறங்கியதும் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். இன்று காலையிலிருந்து ஒரு சொல் இல்லை.

சொல்லிவிட்டேன். என் கடமை முடிந்தது.

அண்ணி


மார்ச் 4

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை என்ஜின் அறைக்கு மேலே நின்றுகொண்டு மூன்று முறை படித்தேன். கடமைக்கு எழுதினாலும் எழுதினீர்களே, அதற்கே உங்களுக்குக் கோடி கும்பிடு. நானாக எழுத எத்தனையோ நாள் உட்கார்ந்தேன். ‘அண்ணிக்கு’ என்று எழுதியதும் அடுத்த வார்த்தை வராது. அண்ணன் என் முகத்தையே பார்க்காமல்தானே என்னை அனுப்பினார்.

ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறார் என்கிறீர்கள். முதல் தடவை தொட்டதும் பலகை பேசியதா? பேசிய பிறகும் தொட்டாரா, பேசாததால் தொட்டாரா? லிஃப்ட் வரவில்லை என்று பட்டனை இருபது தரம் குத்துகிறவர்களை லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் எப்படித் திட்டுவார் என்று உங்களுக்கே தெரியும். அந்த மனிதர் சும்மா ஒரே பட்டனைக் குத்துவாரா?

நீங்கள் எப்போதாவது பலகையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தொட்டிருக்க மாட்டீர்கள். அது அண்ணனுடைய வாய், அடுத்தவர் வாயில் யாரும் விரல் விடக் கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டவன் நான்தான். நீங்கள் அதை மீறியிருக்க மாட்டீர்கள்.

இப்போது மீறுங்கள். அண்ணனிடம் அனுமதி கேட்டுவிட்டு ஒரே ஒரு படத்தை ஒரே ஒரு முறை தொடுங்கள். செல்போனில் ஓடும் கடிகாரத்தைத் தட்டிவிட்டு, குரல் வரும்வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். நான் செய்தபோது அரை விநாடி.

தம்பி


மார்ச் 5

தம்பி,

நாற்பத்து மூன்று.

சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். நாற்பத்து மூன்று விநாடி. முதலில் அவர் திரையைத் திருப்பவே விடவில்லை. “ஒரே ஒரு தடவை, உங்க வாயில நான் கைய வெக்கிறேன். உங்க தம்பி கேக்குறான்” என்றேன். உன் பெயரை எடுத்ததும் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். தண்ணீர்ப் படத்தைத் தொட்டேன். ஒன்றும் வரவில்லை. பத்தாவது விநாடியில் என் விரல் தானாகவே மறுபடி தொடப் போனது, நீ சொன்னது நினைவு வந்து இழுத்துக்கொண்டேன். நாற்பத்து மூன்றாவது விநாடியில் ‘தண்ணீர்’ என்றாய் நீ.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு எதுவும் ஆகிவிடவில்லையே, எனக்கும் நாற்பத்து மூன்றுதானே என்று அப்போதுதான் உறைத்தது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வண்டி நகரவில்லை என்றால் ஓட்டுகிறவரைத் திட்டுவதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக்கைப் பார் என்று தினம் பத்துப் பேரிடம் கத்துகிறவள். வீட்டில் மட்டும் ஓட்டுகிறவர் மேலேயே பழி போட்டுவிட்டேன்.

“நீங்க இல்லீங்க, இந்தச் சனியன்தான்” என்று கம்ப்யூட்டரை ஓங்கி ஒரு அடி வைத்தேன். அவர் சிரித்தார். வயிற்றில் பாலை வார்த்தாய், தம்பி. இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல். அடிக்க வேண்டாம் என்பதைத் தவிர வேறு எது சொன்னாலும் கேட்கிறேன்.

அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

இன்று கேபிள் முனையை ஒட்டும் வேலை, கவனம் சிதறக் கூடாது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு ஒரே முனையை இரண்டு தடவை தப்பாக ஒட்டினேன். மேற்பார்வையாளர் என்னை டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

மெதுவாவதற்கு நூறு காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றாகக் கழிப்போம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், பிறகு மறுபடி விநாடி எண்ணுங்கள். குறைந்தால் ஒரு கதை, குறையாவிட்டால் வேறு கதை. அடுத்து, பலகையை மூடிவிட்டு கணக்குப் போடும் கால்குலேட்டரைத் திறந்து பாருங்கள். அதுவும் தாமதமாகத் திறந்தால் மெஷினுக்கே வயதாகிவிட்டது. உடனே திறந்தால் குற்றவாளி என் பலகை.

பிறகு ‘பலகை’ என்ற ஃபோல்டரைத் திறந்து, உள்ளே என்னென்ன ஃபைல், எது எவ்வளவு பெரியது என்று அப்படியே எழுதுங்கள். கடைசியாக ஒன்று. டாக்டருக்காக ‘கடைசி ஐம்பது’ என்று ஒரு பக்கம் செய்து வைத்திருந்தேன், கீழே மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். அண்ணன் கடைசியாகத் தொட்ட ஐம்பது சொல்லும் நேரமும் அதில் வரும். ஒரு தொடுதல் ஒரு முறைதான் பதிவாகிறதா என்று தெரிய வேண்டும்.

இத்தனை வேலையையும் உங்கள் தலையில் கட்டுகிறேன். பக்கத்தில் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் நானே பார்த்திருப்பேன். அது எனக்குத் தெரியும், அண்ணி.

தம்பி


மார்ச் 8

தம்பி,

அணைத்துப் போட்டேன். நாற்பத்து இரண்டு. அந்த ஒரு விநாடிக்கு நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை. கால்குலேட்டர் கண் இமைப்பதற்குள் திறந்தது. ஆகக் குற்றவாளி உன் பலகைதான்.

ஃபோல்டரில் படங்கள் எல்லாம் சின்னச் சின்ன ஃபைல். உன் குரல் ஃபைல்கள் இன்னும் சின்னது. ‘பேசியவை’ என்று ஒன்று இருக்கிறது. அது மட்டும் நாலு ஜிபி. மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதன் கால் தூசிக்குப் பெறாது. எலிகளுக்கு நடுவில் யானை படுத்திருக்கிற மாதிரி படுத்திருக்கிறது. அது என்ன?

‘கடைசி ஐம்பது’ பக்கத்தையும் திறந்தேன். இதை எழுதத்தான் இரண்டு நாள் ஆனது.

சோதனைக்கு மறுநாள், திரையை அவர் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார் என்று எழுதினேன் அல்லவா? அன்று மத்தியானம் ஒரு முறை திரும்ப எடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. மூன்று மணி ஐந்து நிமிஷத்தில் தொடங்கி நாற்பத்தோரு வரி. நாற்பத்தோரு வரியிலும் ‘தண்ணீர்’. நான் அடுத்த அறையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பேசவே மாட்டேன் என்கிறார் என்று எழுதிக்கொண்டிருந்தேன். பலகை ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை.

அவரிடம் போய் உட்கார்ந்தேன். “அன்னைக்குத் தண்ணி கேட்டீங்களா?” என்றேன். தலையாட்டினார். “நாப்பத்தோரு தடவையா?” என்றேன். தோளைக் குலுக்கினார், எண்ணவில்லை என்கிற மாதிரி. என் புடவைத் தலைப்பை எடுத்து அவரே என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

பதினெட்டுக்கு இன்னும் பத்து நாள்தான். சீக்கிரம் எழுது.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

குற்றவாளி பலகைகூட இல்லை. நான்தான்.

அண்ணன் அதிகம் தொடும் படங்கள் முதல் வரிசைக்கு வர வேண்டும் என்று நினைத்தேன், கை அதிக தூரம் போக வேண்டாமே என்று. அதற்காக அவர் தொடும் ஒவ்வொரு சொல்லையும் ‘பேசியவை’ ஃபைலில் எழுதிக்கொள்ளச் செய்தேன். சொல்லை மட்டும் எழுதியிருந்தால் ஒரு துண்டுச்சீட்டு அளவுதான். அப்போது எனக்கு அரைகுறைப் படிப்பு. சொல்லோடு அந்தப் படத்தையும் முழுதாகச் சேர்த்து எழுத வைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவை தொடும்போதும், பேசுவதற்கு முன்னால், பலகை அந்த ஃபைலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்து, எது அதிகம் என்று எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்கும். முதல் மாதம் அரை விநாடி. மூன்று வருஷத்துப் பேச்சைப் படிக்க நாற்பத்து மூன்று விநாடி. போன வருஷம்கூடச் சில விநாடிதான் ஆகியிருக்கும், ஃபைல் மெஷினின் மெமரியை மிஞ்சிய பிறகுதான் ஒரேயடியாகத் தாமதமாகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்தால் எனக்குச் சோறு இறங்காது. நடுவில் மறுபடி தொட்டால் முதல் தொடுதல் ரத்தாகிவிடும். எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அன்று அவர் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் தண்ணீர் கிடைத்திருக்கும். அவசரம் அவசரமாகக் கேட்டதால்தான் கிடைக்கவில்லை. கடைசித் தொடுதலுக்குப் பிறகும் பொறுக்காமல் பலகையை மூடியிருப்பார். டாக்டரம்மா பார்த்ததும் இதைத்தான்.

சரிசெய்வது சுலபம். ‘பேசியவை’யை ஃபோல்டருக்கு வெளியே இழுத்துப் போடுங்கள். பலகை புதிதாக ஒன்றைத் தானே தொடங்கிக்கொள்ளும். பிறகு ‘முதன்மை’ என்ற ஃபைலைத் திறந்து அறுபத்திரண்டாவது வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுச் சேமியுங்கள். அந்த வரி வேலை செய்யாது, இனிப் படம் சேராது.

பழைய ஃபைலை உடனே அழித்துவிடாதீர்கள். மூன்று வருஷம் அண்ணன் பேசியதெல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் வகுப்பு எடுக்கப் போன பிறகு தனியாக இருந்து சொன்னதும் இருக்கும். நான் கப்பலேறிய நாளும் இருக்கும். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அண்ணன் சம்மதித்தால் மட்டும் அந்த ஒரு நாளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 11

தம்பி,

யானையை வெளியே இழுத்துப் போட்டாயிற்று. சாய்கோடுகளை முதலில் அறுபத்து மூன்றில் போட்டுத் தொலைத்தேன். பலகையே திறக்கவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணி அறுபத்திரண்டில் போட்டேன்.

சட்டத்தை மறுபடி மீறவில்லை. அவரையே தொடச் சொன்னேன். பயந்து பயந்து ‘மின்விசிறி’யைத் தொட்டார். விரல் எடுப்பதற்குள் நீ ‘மின்விசிறி’ என்றாய். அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார் பார், ஜன்னல், செருப்பு, மாமா, உப்பு, சவரம், பஸ், கொசு! வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார். ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. மாடியில் இருக்கிறவர் ‘உங்க தம்பி வந்துட்டாரா?’ என்று எட்டிப் பார்த்தார்.

பழைய ஃபைலைப் பற்றி அவரிடம் கேட்டேன். “நீங்க பேசினதெல்லாம் இதுல இருக்காம். படிச்சுப் பாக்கட்டுமா?” என்றேன். ‘வேண்டாம்’ என்றார். “உங்க தம்பி ஒரே ஒரு நாளைத்தான் கேக்குறான்” என்றேன். மறுபடியும் ‘வேண்டாம்’. “அழிச்சிடட்டுமா?” என்றதற்கு ‘ஆமாம்’. அழித்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் ஆசை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் தனியாக இருக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வதை அடுத்தவருக்குக் காட்ட நாம் இரண்டு பேருமே சம்மதிப்போமா? அவர் மட்டும் ஏன் காட்ட வேண்டும்?

இதையும் எழுதிவிடுகிறேன். நீ கிளம்பிய அன்று, “குரலைத்தான் விட்டுட்டுப் போறியே, ஆள் எதுக்கு? போ” என்றேன். அது என் கோபம். உன் அண்ணன் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அவர் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது நீ அழுவதைப் பார்க்க முடியாமல். இதைப் பதினான்கு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான். மன்னித்துவிடு.

அண்ணி


மார்ச் 19

தம்பி,

இருபதுக்குப் பத்தொன்பது!

டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. நான் பலகையைத் தட்டிவிட்டேனோ என்று என் கைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டேன். நடந்ததை எல்லாம் பிறகு விளக்கினேன். அவர் சட்டென்று எழுந்து உன் அண்ணனுக்கு முன்னால் போய் நின்று, “உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன் சார். மிஷினைப் பாக்காம உங்களைப் பாத்துட்டேன்” என்றார். பெரிய மனசுதான். பழைய குறிப்பை என் கண் முன்னாலேயே அடித்து எழுதினார். பயிற்சி தொடரும், வாரத்துக்கு இரண்டு நாள்.

தவறிப்போன அந்த ஒரு கேள்வி என்ன தெரியுமா? ‘ஒருவர் உங்களுக்கு உதவி செய்தால் என்ன சொல்வீர்கள்?’ உன் அண்ணன் திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினார். பத்து விநாடி போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. டாக்டரம்மா போன பிறகும் தேடினார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தேடினேன். இருநூற்றுப் பதினாலு சொல்லில் உப்பு இருக்கிறது, கொசு இருக்கிறது, வேண்டாம் இருக்கிறது. நன்றி இல்லை. நீ வைக்க மறந்தாய். மூன்று வருஷமாக நானும் கவனிக்கவில்லை.

நான் என் குரலில் சொல்லிச் சேர்க்கிறேன் என்றேன். ‘வேண்டாம்’ என்றார். உன் படத்தைத் தொட்டார். மறுபடி தொட்டார். ‘தம்பி, தம்பி’ என்று நீயே உன்னைக் கூப்பிட்டாய். புரிந்துகொள்.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

பத்தொன்பது என்று படித்ததும் கப்பலின் சமையல்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவருக்கு நம் மொழி தெரியாது. ஏதோ கல்யாணம் போல என்று எனக்கு இரட்டைப் பங்கு முட்டை வைத்தார்.

ஃபைலை அழித்தது சரிதான். அண்ணனைக் கேட்காமலே அவர் பேச்சையெல்லாம் எழுதி வைத்ததே தப்பு. இனி எண்ணிக்கை மட்டும் இருக்கும்படி மாற்றிவிடுகிறேன். அன்று அவர் முகத்தைத் திருப்பியதற்கு என்ன காரணம் என்று நீங்கள் எழுதியதே எனக்குப் போதும். அந்த வரியைத் தினம் படிக்கிறேன்.

நன்றியை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அண்ணனுக்கு என்னென்ன தேவைப்படும் என்று மட்டும் பட்டியல் போட்டேன். கொடுக்கவும் அவரிடம் ஏதாவது இருக்கும் என்று தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

கப்பலிலிருந்து ஒலி போகாது. முப்பத்தொன்றாம் தேதி துறைமுகம் தொடுகிறோம். இறங்கியதும் முதல் வேலை அதுதான். படத்தை அண்ணனே தேர்ந்தெடுக்கட்டும்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

நீ அனுப்பிய ஒலி வந்தது. பின்னால் லாரி ஹாரன் கேட்கிறது, பரவாயில்லை. படத்துக்கு என்னென்னவோ எடுத்துக் காட்டினேன், பூ, சிரிக்கும் குழந்தை, சூரியன். எல்லாவற்றையும் ‘வேண்டாம்’ என்றார். கடைசியில் ஒன்றுமே இல்லாத வெறும் மஞ்சள் கட்டம்தான் பிடித்தது. சட்டென்று கண்ணில் படுகிறதாம்.

முதல் நன்றி எனக்குத்தான் என்று தலையை வாரிக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். மனுஷன் உன் படத்தைத் தொட்டார், மஞ்சளைத் தொட்டார். உனக்குத்தான் முதல் நன்றி. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதற்குப் பிறகு வீட்டில் நன்றி மழைதான். தபால்காரருக்கு நன்றி. டாக்டரம்மாவுக்கு நன்றி. மாடி வீட்டுக்காரர் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று குறை சொல்ல வந்தார். அவருக்கும் நன்றி.

எனக்கு நேற்றுத்தான். நாலு வகுப்பு முடித்துவிட்டு வந்தேன். கற்றுக்கொள்ள வந்தவர் ஒருவர் வண்டியைச் சுவரில் முட்டியிருந்தார், தலை வலித்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து என் பெயர் கேட்டது. திரும்பினேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மஞ்சளைத் தொட்டார். கையை எடுக்கவில்லை. இன்னொரு முறை தொட்டார். இன்னொரு முறை. நான் நிறுத்தச் சொல்லவில்லை. எத்தனை முறை என்று எண்ணவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த நொடியே பேசியது.

“சரி சரி, போதும், அடுப்புல வேலை இருக்கு” என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒரு வேலையும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நாள் முழுக்க வாய் ஓயாமல் கத்துகிறவள் நான். எல்லாச் சொல்லும் என்னிடம் இருக்கிறது. இருந்தும் அவருக்கு ஒரு பதில் சொல்ல எனக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஆனது. உனக்குச் சொல்ல மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

நன்றி, தம்பி.

அண்ணி